இரண்டோடு மூன்று

பனி இறங்கிய காலையில் ஆற்றுக்கு அக்கரை கிடையாது. இருக்கிறது என்று நம்பித்தான் துடுப்புப் போடவேண்டும். நான் மாரப்பன், பவானி ஆற்றில் பரிசல் ஓட்டுகிறவன். இந்தக் கதையில் என் வேலை ஆளை ஏற்றுவதும் இறக்குவதும் மட்டும்தான். ஆனால் காது என்று ஒன்று இருக்கிறதே, அதை எங்கே கழற்றி வைக்க!

எங்கள் இக்கரையில் மூங்கில் புதருக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. வெளியூர்க்காரர்கள் அதை மடம் என்பார்கள். மடமாம் மடம்! காவித்துணி ஒரு முழம்கூட அங்கே இல்லை. மரப் பட்டறைதான். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, வீட்டுக்குக் கட்டில், இப்படி எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். அதை நடத்துகிறவர் பரிபூரணம் அம்மா. முன்னே கோயம்புத்தூரில் மோட்டாருக்குக் காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள், கட்டும் கடை வைத்திருந்தார். ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "அங்க சத்தம் ஜாஸ்தி மாரப்பா" என்றார். இங்கே ரம்பம் அறுக்கிற சத்தத்தில் ஆற்று மீனே ஓடிப்போகும்.

ஆட்கள் மனசில் கேள்வியைச் சுமந்துகொண்டு என் பரிசலில் வருவார்கள். அம்மா பதில் சொல்லமாட்டார். வேலை சொல்லுவார். கோபித்துக்கொண்டு அன்றைக்கே திரும்பியவர்கள் உண்டு.

திரும்பாதவர் நல்லசிவம். கோபி ஊர்ப் பக்கம் கதவும் நிலையும் செய்தவர். அம்மாவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அவர் இவரை 'அம்மா' என்பார், இவர் அவரை 'அண்ணா' என்பார். குரு சீடனை அண்ணா என்று கூப்பிடுகிற மடத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

நல்லசிவத்துக்கு ஒரே பெண், குயிலி. மூச்சு இழுப்பு நோய் உள்ள பிள்ளை. போன மார்கழியில் ஒரு மழைச் சாயங்காலம் இழுப்பு முற்றிவிட்டது. வண்டி வாசலில் நின்றது, சாவியைக் காணோம். வீடெல்லாம் தேடி, கடைசியில் அடுத்த தெருவிலிருந்து ஒரு வண்டியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை போய்விட்டது. அதற்கப்புறம் புருசனும் பெண்டாட்டியும் ஒரு வீட்டில் இருக்க முடியவில்லை. இவர் இங்கே வந்துவிட்டார்.

"கனவுல வர்றா மாரப்பா" என்று ஒருதரம் பரிசலில் வைத்துச் சொன்னார். "ரம்ப மேசை மேல உக்காந்து காலை ஆட்டிட்டு இருக்கா. அழுகறதில்ல. 'சாவி கெடச்சுதாப்பா?'ன்னு கேக்கறா. அவ்வளவுதான், முழிச்சுக்கறேன்."

நான் துடுப்பைப் போட்டேன்.

மறுபடி மார்கழி வந்தது. ஒரு புதன்கிழமை அக்கரைத் துறையில் ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பரிசலில் ஏறவில்லை.

"நீங்கதான் மாரப்பனுங்களா? நான் மங்கையர்க்கரசி. நல்லசிவத்தோட சம்சாரம்."

"ஏறுங்கம்மா, கொண்டுபோய் விடறேன்."

"வேண்டாம். ஒரு சேதி மட்டும் சொல்லிருங்க. வெள்ளிக்கிழமை பிள்ளைக்கு வருசத் திதி. விடிஞ்சதும் இந்தத் துறையிலதான் இலை போட்டுக் கும்புடப் போறேன். வர்றதும் வராததும் அவரு இஷ்டம். ஆனா இதோட சரி. இனி ஒருதரம் சொல்லி அனுப்பமாட்டேன்."

அந்தம்மாள் அழவில்லை, கத்தவில்லை. இக்கரைக்கு வந்து ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நல்லசிவம் உப்புத்தாளால் ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தேய்த்த இடம் குழியாகிவிட்டது.

அதே சாயங்காலம் பட்டறையில் ரம்பம் நின்றுபோனது. அது அமெரிக்காவிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் அனுப்பிவைத்த ரம்ப மெஷின். அந்த ஊர்க் கரண்ட்டு நம் ஊர்க் கரண்ட்டில் பாதி. அதனால் நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி உட்கார்ந்து, நம் கரண்ட்டைப் பாதியாக்கி மோட்டாருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டிதான் புகைந்து அடங்கிவிட்டது.

அம்மா குனிந்து பெட்டியை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்லசிவம் போய் அவர் முன்னால் நின்றார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணுமுங்க."

"கேளுங்கண்ணா."

"எனக்குன்னு அளந்ததைவிட ரெண்டு பங்கு வந்து எறங்கிருச்சு. இத்தனை நாளா இங்க இருக்கேன், குறையவே இல்ல. இதை எப்படீங்க தாங்கறது?"

அம்மா நிமிர்ந்தார்.

"இந்தப் பெட்டி இனி ஆகாது. மோட்டாரை நேரா நம்ம கரண்ட்டுக்கே மாத்திக் கட்டிருங்க. நாளைக்குள்ள முடிங்க."

"நான் கேட்டதுங்க…"

"என் காது நல்லாத்தான் கேக்குது அண்ணா."

வியாழக்கிழமை காலையில் எனக்குச் சவாரி இல்லை. பனியில் எவன் வருவான்? பட்டறையில் போய்க் குந்திக்கொண்டேன். பனி தகரத்துக்கு அடியால் உள்ளேயும் வந்திருந்தது. மேசைகளின் காலைக் காணோம், மேல்பலகை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. பாதித் தூக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மெஷினுக்குள் கை விடுகிறவர் முதலில் போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, தன் மடியில் செருகிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அவரேதான் திரும்ப மாட்டவேண்டும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. நல்லசிவத்துக்கும் இது தெரியும். ஆனால் அன்றைக்கு என்ன பக்தி பொங்கியதோ, பிடுங்கிய கட்டையை இரண்டு கையிலும் பிரசாதம் மாதிரி ஏந்திக்கொண்டு போய், அம்மாவின் காலடியில் வைத்துக் கும்பிட்டார்.

"என்னங்கண்ணா இது?"

"உங்ககிட்ட இருந்தா எனக்குத் தைரியமுங்க. குரு கையில இருக்கற உசிருக்கு என்ன ஆயிரும்?"

அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"ஏதோ நெனப்புல நான் எந்திரிச்சுப் போய் மாட்டிவுட்டா? உங்க கை உள்ள இருக்கும். எடுங்க அதை. உங்க உசிரைக் கொண்டாந்து என் மடியில வெக்காதீங்க."

பாவம், மனுசன் சுருங்கிப் போனார். கட்டையை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். அதற்கப்புறம் குனியும்போதெல்லாம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மோட்டாரின் முதுகில் ஒரு டம்ளர் அளவுக்குக் கெப்பாசிட்டர் ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் மூடியைத் திறந்து கையைக் கொண்டுபோனார்.

"பல்பு" என்றார் அம்மா.

"நேத்தே பிளக்கைப் பிடுங்கியாச்சுங்களே. ஃபியூஸ் கட்டை என் மடியில இருக்குது."

"அதெல்லாம் வெளிய. உள்ள?"

ஹோல்டரில் மாட்டிய ஒரு சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். நல்லசிவம் ஒயரின் ரப்பரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முனையையும் கெப்பாசிட்டரின் இரண்டு காதில் வைத்தார். பல்பு மினுக்கென்று எரிந்து அணைந்தது. அடேயப்பா! போர்டிலிருந்து எந்தக் கம்பியும் இல்லை, கரண்ட்டும் இல்லை, சும்மா கிடந்த டப்பாவிலிருந்து வெளிச்சம். நான் ஓர் அடி பின்னால் போய்விட்டேன்.

"இது உள்ளயே எத்தனை நேரமுங்க இருக்கும்?" என்று கேட்டார்.

"வடியறதுக்கு வழி கொடுக்கற வரைக்கும்."

நல்லசிவம் அணைந்த பல்பைப் பார்த்தார். பிறகு மறுபடி ஒருதரம் வைத்துப் பார்த்தார். எரியவில்லை.

அடுத்தது தகடு. எந்த ஒயரை எதோடு சேர்க்கவேண்டும் என்று மோட்டார் மேலேயே ஒரு தகட்டில் படம் போட்டிருப்பார்களாம். எங்கே தேடியும் அதைக் காணோம். விசயம் என்னவென்றால், ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பட்டறையில் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவோம். மோட்டாருக்கு நெற்றி எது என்று யாருக்குத் தெரியும்? பளபளவென்று இருந்த இடத்தை நெற்றி என்று முடிவுகட்டி, வருசா வருசம் அதிலேயே அப்பியிருக்கிறோம். சந்தனம் அடை மாதிரி காய்ந்து கிடந்தது. நல்லசிவம் ஈரத்துணியால் துடைத்தார். கோடுகள் ஒவ்வொன்றாய்த் தெரிந்தன. அதே துணியால், நம்பர் எழுதி மரத்தூள் பிடித்துக் கிடந்த ஒயர்களையும் ஒரு துடை துடைத்தார். துடைத்ததும் துணியைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். துணியைச் சுருட்டி மேசைக்கு அடியில் போட்டார்.

அம்மா மேசை மேல் படிந்திருந்த மரத்தூளில் விரலால் இரண்டு சுழி போட்டார்.

"உள்ள ஓட்டற காயில் ரெண்டு இருக்கு. மொதல் காயிலுக்கு ஆரம்பம் ஒண்ணாம் நம்பர் ஒயர், முடிவு ரெண்டு. அடுத்ததுக்கு ஆரம்பம் மூணு, முடிவு நாலு. இதுவரைக்கும் ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல நின்னு தனித்தனியா வாங்குச்சு. ஆளுக்கு முழுசு."

"சரிங்க."

"இப்ப வரப்போறது ரெண்டு பங்கு. அப்படியே நின்னு வாங்குனா?"

"ரெண்டுமே கருகிப்போயிருமுங்க."

"அதனால ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நிறுத்துங்க. மொதல்ல ஒண்ணு வழியாப் போகட்டும். அது முடியற எடத்துல அடுத்தது தொடங்கட்டும். ரெண்டோட மூணு."

"அப்ப ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவுங்க வரும்?"

"பழைய அளவுதான்."

நல்லசிவம் மரத்தூளில் இருந்த சுழிகளைப் பார்த்தார். "வர்றது ரெண்டு பங்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "ஆனாத் தாங்கறது பழைய அளவு." ஆற்றுப்பக்கமிருந்து காற்று வந்து சுழிகளைக் கலைத்துவிட்டது.

மத்தியானம் வரைக்கும் வேலை நடந்தது. முனைகளை முறுக்கி, மேலே உறை போட்டார். பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு நம் ஊர்ப் பிளக்கை மாட்டினார். கரண்ட்டு வருகிற இரண்டு ஒயரையும் ஒன்றாக நிறுத்துகிற சுவிட்சு போட்டார். அம்மா ஒரு மூலையில் உட்கார்ந்து உளிக்குச் சாணை பிடித்துக்கொண்டே கேள்வி கேட்டார்.

"எர்த்து?"

"போட்டாச்சுங்க."

"பிளேடு?"

"இருக்குதுங்க."

"சுத்துமோ சுத்தாதோன்னு தெரியாத மெஷினுக்குப் பல்லு எதுக்கு? கழட்டி வைங்க. ஃபியூஸ் கம்பியும் மெல்லிசாவே போடுங்க. தப்புன்னா மொதல்ல அது போகட்டும்."

பிளேடைக் கழற்றினார். மடியிலிருந்து கட்டையை எடுத்து, புதுக் கம்பி சுற்றி, அவர் கையாலேயே போர்டில் மாட்டினார். "முருகா" என்று சுவிட்சைப் போட்டார்.

உறுமியது ஐயா. சுற்றவில்லை, உறுமியது. அடித்தொண்டையிலிருந்து 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம். மேசை நடுங்கியது, மரத்தூளெல்லாம் எழுந்து ஆடியது. நல்லசிவம் சுவிட்சுக்குக் கையை நீட்டுவதற்குள் போர்டில் 'பட்' என்றது. அப்புறம் ஆற்றுச் சத்தம் மட்டும்தான்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்காரப் போனார்.

"மொதல்ல சுவிட்சை நிறுத்துங்க. கட்டையை எடுத்து மடியில வைங்க. அப்புறம் உக்காந்து அழுங்க" என்றார் அம்மா.

செய்துவிட்டு உட்கார்ந்தார். அம்மா மோட்டாரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"கருகிப்போச்சுங்களா?"

"இல்ல. ஃபியூஸ் போயிருக்கு. அதுக்குத்தான அது இருக்கு."

நல்லசிவம் முகத்தைத் துண்டால் துடைத்தார். துடைத்தும் நிற்கவில்லை.

"அம்மா, இதே சத்தந்தானுங்க எங்க வீட்ல."

அம்மா சாணைக்கல்லைக் கீழே வைத்தார்.

"காரியம் முடிஞ்ச அன்னிக்கு ரெண்டு பேரும் உக்காந்தோமுங்க. பேசித்தான் ஆத்திக்கணும்னு நெனச்சோம். சாவியைக் கண்ட எடத்துல போட்டது நீங்கதான்னு அவ சொன்னா. இழுப்பு வந்தப்பவே ஏண்டி சொல்லலைன்னு நான் சொன்னேன். அவ எங்க வந்து முடிக்கறாளோ, நானும் அங்கயே போய் முடிப்பேன். உறுமிக்கிட்டே இருந்தோம், ஒரு அடி நகரலீங்க. தினமும் இதே. அப்புறந்தான் போதும்னு கெளம்பி வந்துட்டேன். அவ அங்க, நான் இங்க. ஆளுக்கு முழுசா."

பனி எப்போதோ விலகி வெயில் ஏறியிருந்தது. தகரத்து ஓட்டைகளின் வழியே வெளிச்சம் கம்பி கம்பியாய் இறங்கியது.

"எந்த முனையை எதோட கட்டுனீங்க?" என்றார் அம்மா.

"வீட்லீங்களா?"

"மோட்டார்லண்ணா."

நான் சிரித்திருப்பேன். நல்லசிவத்தின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"தொடைக்கும்போது மூணும் நாலும் அழிஞ்சு போச்சுங்க. எது ஆரம்பம், எது முடிவுன்னு தெரியல. ஊகமாக் கட்டுனேன்."

"நான் இங்கயேதான உக்காந்திருந்தேன்? கேட்டிருக்கலாமில்ல?"

"வெக்கமா இருந்துச்சுங்க. நானே தேடிக் கண்டுபிடிச்சுக்கலாம்னு…"

அவர் முடிக்கவில்லை. வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது.

அம்மா எழுந்து வந்து, முறுக்கியிருந்த முனைகளைத் தொட்டுக் காட்டினார். "முடிவோட முடிவைக் கட்டியிருக்கீங்க. ஒண்ணு இப்படித் தள்ளுது, இன்னொண்ணு அப்படித் தள்ளுது. உறுமாம என்ன செய்யும்? அழிஞ்ச ரெண்டையும் மாத்திக் கட்டுங்க. மறுபடி பல்பு வெச்சுட்டுக் கை வைங்க."

பல்பு வைத்தார். முறுக்கை அவிழ்த்து மாற்றிக் கட்டினார். இந்தத் தடவை ஒவ்வொரு முனையையும் அம்மாவிடம் காட்டிக் காட்டிக் கேட்டார். இதுங்களா, இது ஆரம்பந்தானுங்களா என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். அம்மா சலிக்காமல் ஆமாம் என்றார். மூடியைப் பூட்டி, கட்டைக்குப் புதுக் கம்பி சுற்றி மாட்டி, சுவிட்சைப் போட்டார்.

மோட்டார் லேசாய் ஒரு சிணுங்கு சிணுங்கிச் சுற்ற ஆரம்பித்தது. வேகம் பிடித்தது. பிடித்ததும் உள்ளேயிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரே சீராய் ஓடியது.

நல்லசிவம் பதறிப்போய் நிறுத்தினார்.

"என்னமோ கழண்டுச்சுங்க அம்மா!"

"கழண்டுச்சு. கழலணும்."

"புரியலீங்க."

"உள்ள மூணாவதா ஒரு காயில் இருக்குது. மெல்லிசுக் கம்பி. அது ஓட்டறதுக்கு இல்ல, கெளப்பிவுடறதுக்கு. அந்த ரெண்டும் சும்மா நிக்கறப்ப அதுகளுக்குத் தானாச் சுத்தத் தெரியாது. இது ஒரு தள்ளுத் தள்ளிவுடும். வேகம் வந்ததும் டக்குனு விலகிக்கும்."

"விலகாமக் கூடவே இருந்தா?"

"அதுவும் கருகும், மோட்டாரையும் கெடுக்கும்."

மறுபடி போட்டார். டக். நிறுத்தினார். மறுபடி போட்டார். டக். அந்தச் சத்தத்துக்காகவே போட்டுப் போட்டுப் பார்த்தார். "போதும் அண்ணா, அது என்ன கிலுகிலுப்பையா?" என்று அம்மா அதட்டினார். அப்புறம் நல்லசிவம், மெஷின் மேல் அம்பு போட்ட திசையில்தான் சுற்றுகிறதா என்று பார்த்து, கட்டையை மறுபடி மடிக்குக் கொண்டுவந்து, பிளேடை மாட்டி, கட்டையைத் திரும்பப் போட்டார். அதன் சொந்த ஊரில் ஓடியதைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் இங்கே ஓடுமாம். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வேப்பம்பலகை உள்ளே போய் இரண்டாய் வெளியே வந்தது. மரத்தூள் எழுந்து வெயில் கம்பிகளுக்குள் மிதந்தது. கீழே இறங்க அதற்கு மனசில்லை.

அந்தத் தூளுக்குள் நின்றுகொண்டே நல்லசிவம் சொன்னார்.

"நாளைக்குக் காலையில அக்கரைக்குப் போறேனுங்க."

"போங்க."

"நீங்களும் வரணும். எனக்கு ஆரம்பிக்கத் தெரியாதுங்க."

அம்மா யோசித்தார். "துறை வரைக்கும் வர்றேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது பனி என்றால் அப்படியொரு பனி. பரிசலில் மூன்று பேர். பரிசல் போகிறதா, நின்ற இடத்தில் சுற்றுகிறதா என்று எனக்கே தெரியவில்லை. தண்ணீரும் வெள்ளை, மேலும் வெள்ளை. எந்தப் பக்கம் வானம் என்று கேட்டால் சொல்லியிருக்கமாட்டேன். நல்லசிவம் அடிக்கடி இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அங்கே ஒன்றும் இல்லை.

"நேத்தும் கனவுல வந்தா மாரப்பா" என்றார் மெதுவாக. "மேசையில ரம்பம் ஓடிட்டு இருந்துச்சு. அதனால அவ மேல உக்காரல, பக்கத்துல நின்னா."

"என்ன கேட்டுச்சு பிள்ளை?"

"அதேதான்."

அப்புறம் பனிக்குள் மஞ்சளாய் ஒரு புள்ளி தெரிந்தது. கிட்டப் போகப் போக அது விளக்கானது. விளக்குக்குப் பக்கத்தில் வாழையிலை, இலையில் சோறும் ஒரு கிண்ணம் பாயசமும். இலைக்குப் பின்னால் மங்கையர்க்கரசி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

நல்லசிவம் இறங்கினார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பேச்சைக் காணோம். எனக்குப் பொறுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் அந்தம்மாள் இலையை மடித்துக்கொண்டு போயே போய்விடும் என்று தோன்றியது.

பரிபூரணம் அம்மா இறங்கி நடுவில் போய் நின்றார்.

"அக்கா, என் பேரு பரிபூரணம். அண்ணன் நேத்து ஒரு மோட்டாரைக் கட்டி ஓட்டுனாரு. நல்லாக் கட்டுனாரு. நீங்க மொதல்ல சொல்லுங்க. சொல்லி முடிங்க. அதுவரைக்கும் அவரு குறுக்க வரமாட்டாரு."

மங்கையர்க்கரசி அம்மாவைப் பார்த்தார், புருசனைப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த முந்தானையை இழுத்தார். அதன் நுனியில் ஒரு முடிச்சு இருந்தது.

"சாவி இங்கதான் இருந்துச்சு" என்றார்.

நல்லசிவம் அசையவில்லை.

"அன்னிக்குக் கடைக்குப் போயிட்டு வந்து நாந்தான் முடிஞ்சு வெச்சேன். மழையில எங்கயாவது விழுந்துரும்னு. பிள்ளை இழுக்கறதைப் பார்த்ததும் எனக்கு ஒண்ணுமே நெனப்புல இல்ல. நீங்க வீட்டைப் பொரட்டறீங்க, நானும் கூடவே நின்னு பொரட்டறேன். ஆஸ்பத்திரி பெஞ்சுல போய் உக்காந்தப்ப இடுப்புல குத்துச்சு." விடாமல் பேசினார். "சொல்லணும்னுதான் அன்னிக்கு உக்காந்தேன். வாய் வரல. பழியைத் தூக்கி உங்க மேல போட்டேன். ஒரு வருசமா எந்தச் சேலை கட்டுனாலும் இதை அதுல முடிஞ்சுக்கறேன். அவ்வளவுதான். முடிச்சுட்டேன்."

ஐயோ, இப்போது உறுமப்போகிறது என்று நினைத்தேன். நல்லசிவத்தின் தாடை இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது, கை இடுப்புக்குப் போனது. பரிபூரணம் அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் உன்னைக் கேக்கவே இல்ல மங்கை" என்றார் நல்லசிவம்.

அந்தம்மாள் நிமிர்ந்தார்.

"அரிசிப் பானைக்குள்ள கூடத் தேடுனேன். பக்கத்துல நின்ன உன்னைப் பார்த்து, சாவியைப் பார்த்தியான்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா இடுப்பைத் தொட்டுப் பார்த்திருப்ப."

சொல்லிவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். முந்தானை நுனியைக் கையில் வாங்கி, அந்த முடிச்சை நகத்தால் அவிழ்க்கப் பார்த்தார். இறுகிப்போயிருந்தது. "இருங்க, ஈரம் பண்ணுனா வரும்" என்று அந்தம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்குக் கண்ணெல்லாம் மறைத்தது. பனிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அம்மா சத்தமில்லாமல் வந்து பரிசலில் ஏறினார். கிளம்பு என்று என் தோளைத் தொட்டார். நான் துடுப்பை ஊன்றித் தள்ளினேன். பரிசல் கரையை விட்டது.

நல்லசிவம் திரும்பிப் பார்த்தார். பதறி எழுந்தார்.

"அம்மா! போயிராதீங்க! இன்னும் எத்தனையோ பேசக் கெடக்குதுங்க. நீங்க கூட இருந்தாத்தான் எனக்கு…"

"அண்ணா" என்றார் அம்மா. "நேத்து டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சே, ஞாபகம் இருக்குதுங்களா?"

அவர் மறுபடி கூப்பிடவில்லை.

பனி கரையை மூடிக்கொண்டது. விளக்கு மஞ்சள் புள்ளியாகி, அதுவும் போனது. கொஞ்ச தூரம் வரைக்கும் அவர்கள் இரண்டு பேரின் குரல் மட்டும் தண்ணீர் மேல் வந்துகொண்டிருந்தது. ஒன்று முடிந்த பிறகுதான் இன்னொன்று கேட்டது.